மின்னல் மூட்டிய தீ: பழங்குடி நிலக் காட்டில் தேடிப் பிடித்து அணைப்பது எப்படி

மின்னல் விழுந்த ஒற்றை மரத்தைக் காட்டுக்குள் தேடிப் போய், அதன் அடியில் புகைந்துகொண்டிருக்கும் தீயை இரண்டு மூன்று பேராக அணைத்துவிட்டு வரும் வேலையைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். இடம், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள ஃபிளாட்ஹெட் ரிசர்வேஷன். ரிசர்வேஷன் என்றதும் நமக்கு இடஒதுக்கீடுதான் ஞாபகம் வரும். இது வேறு: சேலிஷ், பெண்ட் டோரெய், கூட்டனை மக்கள் 1855 ஹெல்கேட் ஒப்பந்தத்தில் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட நிலம், ஏறக்குறைய 13 லட்சம் ஏக்கர். அங்கே காட்டையும் தீயணைப்பையும் பழங்குடி அரசின் துறைகளே நடத்துகின்றன. நான் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் தீயணைப்பு வண்டியில் சில கோடைகள் வேலை பார்த்தவன். கூட வந்த புதியவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்று பார்த்திருக்கிறேன், நானும் தடுக்கியிருக்கிறேன்.

நம்மூர்க் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் கையால் வருவது, காய்ந்த சருகிலும் புல்லிலும் ஓடுவது. மின்னல் தீ அப்படியில்லை, உட்கார்ந்திருக்கும். அதனால் வெட்டுவதும் தோண்டுவதும் இதில் சுலபமான பகுதி. தவறெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் நடக்கிறது.

1. புறப்படும் முன் தயாராக இருக்கவேண்டியவை

எஸ்-130, எஸ்-190 என்ற அடிப்படைப் பயிற்சிகளும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பயிற்சியும், நடைத் தேர்வும் முடித்து ரெட் கார்ட் என்ற தகுதி அட்டை வாங்கியிருக்க வேண்டும். நடைத் தேர்வு என்பது 45 பவுண்டு சுமையோடு 3 மைலை 45 நிமிடத்துக்குள் நடப்பது. ஓடக்கூடாது. இது கடினமாகத் தோன்றினால் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம், ஏனென்றால் நிஜ வேலையில் பாதை இருக்காது, சரிவு இருக்கும்.

பூட்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குறைந்தது 8 அங்குல உயரமுள்ள தோல் பூட்ஸ்தான் வேண்டும், அதை வேலைக்குச் சேரும் வாரத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு வருபவர் இரண்டாம் நாள் காலில் கொப்புளத்தோடு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டு மாதம் முன்பே வாங்கி வீட்டைச் சுற்றி நடந்து பழக்குங்கள்.

மற்றபடி தீப்பிடிக்காத துணிச் சட்டை, கால்சட்டை, தலைக்கவசம், கண்ணாடி, தோல் கையுறை, தீ சூழ்ந்துவிட்டால் உள்ளே படுத்துக்கொள்ள இடுப்பில் அவசரக் கூடாரம். தண்ணீர் ஆறு லிட்டராவது. ஒரு மணி நேர வேலை என்று சொல்லி அனுப்பினாலும் இரவு தங்கும் அளவு சாப்பாடும் தலைவிளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் மூன்று அடி அகலத்துக்குப் புகைவதை அணைக்கப் போய் மறுநாள் மதியம் திரும்பியது எங்களுக்குச் சாதாரணம். இது கிரிஸ்லி கரடியின் ஊர், ஆகவே கரடி ஸ்ப்ரேயும் வேண்டும், அது பைக்குள் அல்ல, கைக்கு எட்டும் இடத்தில்.

கருவிகள்: ஒரு பக்கம் கோடாரியும் மறுபக்கம் கொத்தும் உள்ள புலாஸ்கி, ஒரு மண்வாரி, 5 காலன் கொள்ளும் முதுகுத் தண்ணீர்ப் பை. செயின்சா, அதற்கென்று சான்று பெற்றவர் கையில் மட்டும்.

2. யாருடைய நிலம், யாரைக் கேட்க வேண்டும்

பெரும்பாலோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘தீ என்றால் தீதானே, அணைத்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம்’ என்ற நினைப்பு. ஆனால் முதல் அரைமணியில் வெட்டிய மரத்தைப் பிறகு ஒட்டவைக்க முடியாது.

புறப்படும் முன்பே டிஸ்பாட்சில், அதாவது ஆட்களை அனுப்பும் கட்டுப்பாட்டு அறையில், இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்த இடத்துக்குப் பழங்குடியின் வள ஆலோசகர் (எதைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்பவர்) யார், இங்கே தொடக்கூடாதது ஏதாவது உண்டா. இடத்தின் விவரத்தை அவர் முழுதாகச் சொல்லமாட்டார், சொல்லவும் வேண்டாம். ‘அந்த ஓடைக்கு மேற்கே தோண்டாதே’ என்றால் தோண்டாதீர்கள், காரணம் கேட்டுக் குடையாதீர்கள். தெற்கு ஃபோர்க் ஜோக்கோ போன்ற பகுதிகளுக்குள் சாதாரண நாளில் பழங்குடி உறுப்பினர் தவிர வேறு யாருக்கும் அனுமதி கிடையாது. மிஷன் மலைகளில் மெக்டொனால்ட் சிகரத்தைச் சுற்றிய பகுதியைக் கரடிகள் பூச்சி தின்ன வருவதால் கோடையில் மூடியே வைக்கிறார்கள். நீங்கள் உள்ளே நிற்பது தீயணைக்க மட்டும் என்பது மனதில் இருக்கட்டும்.

புதியவர் அதிகம் ஏமாறுவது மரத்து வடுவில். பாண்டரோசா பைன் மரத்தின் உள்பட்டையை இந்த மக்கள் வசந்தத்தில் உரித்து உணவாக்கியிருக்கிறார்கள், அந்த வடு இன்றும் பெரிய மரங்களில் இருக்கிறது. பழைய தீ விட்ட வடுவும் மேலோட்டமாக அதே மாதிரி இருக்கும். வித்தியாசம் இதுதான்: தீ வடு பெரும்பாலும் முக்கோணமாகத் தரையிலிருந்தே தொடங்கும், உள்ளே கரி இருக்கும், மனிதர் உரித்த வடு பொதுவாகத் தரைக்குச் சற்று மேலே தொடங்கும். சந்தேகம் வந்தால் வெட்டாமல் மரத்தடியில் இருக்கும் சருகை ஒதுக்கி மரத்தைக் காப்பாற்றுங்கள், ரேடியோவில் கேளுங்கள். ‘ஆபத்தான மரம்’ என்று சொல்லிப் பல நூறு வயது மரத்தை வீழ்த்திவிட்டு, அது பாட்டன்மார் உரித்த மரம் என்று பிறகு தெரிந்துகொண்டவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

விமானம் கேட்பதாக இருந்தால் ஓடையும் குளமும் எங்கே என்பதை முதலில் சொல்லுங்கள். விமானம் கொட்டும் சிவப்பு ரிடார்டன்ட் என்ற தீத்தடுப்பு ரசாயனம் நீர்நிலையிலிருந்து 300 அடிக்குள் விழக்கூடாது, மீனைக் கொல்லும்.

இன்னொன்று. குழுவில் வேறு பழங்குடிகளைச் சேர்ந்தவர்களும் இருப்பார்கள். மின்னல் விழுந்த மரத்தைத் தொடக்கூடாது, விறகாக்கக் கூடாது என்ற மரபு நவஹோ மக்களிடம் உண்டு. அப்படி ஒருவர் மரத்தடி வேலையைத் தவிர்த்தால் கிண்டல் செய்யாமல் காவல் வேலையையோ, தீயைச் சுற்றி மண் தெரிய வெட்டும் தடுப்புக் கோட்டில் மரத்தைவிட்டுத் தள்ளியிருக்கும் வேலையையோ கொடுத்துவிடுங்கள், வேலை ஒன்றும் கெடாது.

3. புகையைக் கண்டுபிடிப்பது

எல்லா மின்னலும் தீ மூட்டாது. மின்னோட்டம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடாமல் சற்றே நீடிக்கும் மின்னல்தான் மரத்தையும் அடியிலிருக்கும் மக்கையும் (மக்கிய சருகு அடுக்கையும்) பற்றவைக்கும். அதோடு தரைக்கு வந்த மழை பத்தில் ஒரு அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் அதை வறண்ட மின்னல் என்பார்கள். இடி இருக்கும், மேகம் இருக்கும், சருகு நனையாது.

மழை கொஞ்சம் பெய்திருந்தால் நிலைமை இன்னும் ஏமாற்றும். தீ மக்குக்குள்ளும் பட்ட மரத்தின் உள்ளேயும் நாள்கணக்கில், சிலநேரம் வாரக்கணக்கில், நீறு பூத்த நெருப்பாக இருந்துவிட்டுக் காற்றும் வெயிலும் வரும் மதியத்தில் எழும். ஆகவே இடிமழை போன மறுநாளோடு தேடலை நிறுத்தாதீர்கள்.

எப்போது தேடுவது? காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கை மூடியிருக்கும்போது புகை எங்கிருந்து வந்தாலும் கீழே பரவிக் கிடக்கும், இடம் தெரியாது. முற்பகல் கடந்து அது கலைந்த பிறகு புகை நேராக எழும். மழைக்குப் பிறகு மரங்களுக்கிடையே எழும் மூடுபனித் துணுக்குகளையும் புதியவர்கள் புகை என்று கூவுவார்கள். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருங்கள். பனி இடம் மாறும், கரையும். புகைக்கு அடி ஒன்று இருக்கும், அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும், நீலச் சாயல் இருக்கும்.

இனி இடத்தைச் சொல்வது. இதில் நானே மாட்டியிருக்கிறேன். அட்சரேகையை 47.305 பாகை என்று வெறும் தசமத்தில் சொன்னேன். கேட்டவர் அதை 47 பாகை 30.5 நிமிடம் என்று எழுதிக்கொண்டார். வித்தியாசம் ஏறக்குறைய 23 கிலோமீட்டர், ஹெலிகாப்டர் வேறொரு மலைமேல் வட்டமடித்தது. தீயணைப்பில் வழக்கம் பாகையும் தசம நிமிடமும். உங்கள் ஜிபிஎஸ் கருவியைக் காலையிலேயே அதற்கு மாற்றிவையுங்கள், சொல்லும்போது ‘பாகை’, ‘நிமிடம்’ என்ற வார்த்தைகளை விழுங்காமல் சொல்லுங்கள், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். காம்பஸ் வைத்து நடப்பவர்கள் இந்தப் பகுதியில் உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் 13 பாகைக்குப் பக்கமாக வித்தியாசம் இருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புகை கண்ணில் பட்ட இடத்திலிருந்து காட்டுக்குள் இறங்கியதும் புகை மறைந்துவிடும். அப்போது மூக்கை நம்புங்கள், அப்புறம் தரையை. சுருள் சுருளாகப் பட்டை உரிந்த மரம், சுற்றிலும் எறிந்தது போலச் சிதறிய மரச் சிம்புகள், இவை கிடைத்தால் வந்துவிட்டீர்கள்.

4. போய்ச் சேர்ந்ததும் கருவியைக் கீழே வையுங்கள்

மூச்சு வாங்கிக்கொண்டு வந்த வேகத்தில் வெட்ட ஆரம்பிப்பதுதான் எல்லோருக்கும் வரும் ஆசை. வேண்டாம். முதலில் மேலே பாருங்கள். மின்னல் விழுந்த மரத்தின் உச்சி உடைந்து தொங்கும், உள்ளே எரிந்து கூடாகியிருக்கும், பக்கத்துப் பட்ட மரத்தின் வேர் அடியில் வெந்திருக்கும். இந்த வேலையில் தீயைவிட மரமும் கிளையும் விழுந்துதான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டே நடந்தால் தப்பில்லை. காற்றில்லாத நேரத்திலும் விழும்.

பிறகு தீயை எட்ட இருந்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எவ்வளவு பெரியது, எதில் எரிகிறது, சரிவு எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், மேலே என்ன இருக்கிறது, வெளியே பொறி விழுந்திருக்கிறதா, தண்ணீர் எங்கே. இதையே டிஸ்பாட்சுக்குச் சொல்லுங்கள், தீக்குப் பக்கத்து ஓடை அல்லது குன்றின் பெயரை வைத்து ஒரு பெயரும் கொடுங்கள். ‘சின்னத் தீ, பார்த்துக்கொள்கிறோம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரே இடிமழையில் இருபது இடத்தில் புகை வந்திருக்கலாம், யாரை எங்கே அனுப்புவது என்று அங்கே உட்கார்ந்து முடிவு செய்பவருக்கு உங்கள் அளவும் சரிவும்தான் ஆதாரம்.

சரிவு செங்குத்து, பட்ட மரம் அதிகம், ஓடித் தப்ப வழியில்லை என்றால் ‘போகமுடியாது’ என்று சொல்வதும் சரியான பதில்தான். 2023 ஜூலையில் ஆர்லி ஊருக்குக் கிழக்கே மலையில் மின்னலால் தொடங்கிய பிக் நைஃப் தீ அப்படிப்பட்ட நிலத்தில்தான் இருந்தது. ஆட்களை நேராக அதன்மேல் ஏற்ற முடியவில்லை.

5. தோண்டும் முன் நான்கு கேள்விகள்

பயிற்சியில் எல்.சி.இ.எஸ் என்று சொல்லிக்கொடுப்பார்கள். காவலுக்கு யார் நிற்கிறார், யாரோடு எந்த அலைவரிசையில் பேசுகிறோம், எந்த வழியாக ஓடுவோம், ஓடி எங்கே நிற்போம். நான்குக்கும் வாய்விட்டுப் பதில் சொல்லாமல் முதல் கொத்து விழக்கூடாது. ‘எல்லோருக்கும் தெரியும்’ என்பது பதிலாகாது, கடைசியாக வந்தவனைச் சொல்லச் சொல்லுங்கள்.

சின்னத் தீக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: கொலராடோவில் 1994 ஜூலை 2 அன்று மின்னலால் தொடங்கிய சவுத் கேன்யன் தீ முதலில் சில நாள் சிறியதாகவே இருந்தது. ஜூலை 6 மதியம் பலத்த காற்றோடு குளிர்காற்று முகப்பு வந்தது, 14 பேர் இறந்தார்கள். அரிசோனாவில் யார்னெல் ஹில் தீயும் மின்னல் தீதான், 2013 ஜூன் 28 அன்று தொடங்கியது. இரண்டு நாள் கழித்து இடிமேகத்திலிருந்து வெளியே பாய்ந்த காற்று தீயின் திசையைத் திருப்பியது, 19 பேர் இறந்தார்கள்.

ஆகவே மேகத்தைப் பார்ப்பது காவலாளியின் முதல் வேலை. தூரத்தில் இடிமேகம் கரைந்து சரிகிறது என்றால் அதன் காற்று உங்களிடம் வர நெடுநேரம் ஆகாது. இடி கேட்டால் முகட்டிலிருந்து இறங்கி, உயர்ந்த மரத்தை விட்டு விலகி, இரும்புக் கருவிகளைத் தள்ளி வைத்து, ஒருவரைவிட்டு ஒருவர் தள்ளி இருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்துதான் வேலை. மின்னல் தீயை அணைக்கப் போய் மின்னலையே மறப்பது வேடிக்கையாகத் தெரியலாம், நடக்கிறது.

6. மரத்தை என்ன செய்வது

தீ தரையில் மட்டும் என்றால் மரத்தை விட்டுவிடலாம். மேலே எரிகிறது என்றால் அது ஒரு புகைபோக்கி, கங்குகளைக் கோட்டுக்கு வெளியே எறிந்துகொண்டே இருக்கும். சான்று பெற்ற மரவெட்டி இருந்து, அவர் பார்த்து, வள ஆலோசகரின் தடை எதுவும் இல்லை என்றால் வீழ்த்தலாம். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு தூரம் தள்ளிப் போக வேண்டும்.

மரவெட்டியே ‘வேண்டாம்’ என்றால் விவாதம் முடிந்தது. மரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் உள்ளே அடங்கும் அளவுக்குக் கோட்டை அகலமாக எடுத்துவிட்டு, அது தானாக விழும்வரை தள்ளியே இருங்கள். முதலில் கோடு, பிறகு மரம் என்று வரிசையை மாற்றுபவர்கள் உண்டு. அப்போது விழும் மரம் வெட்டிய கோட்டின் குறுக்கே கிடக்கும், அரை நாள் உழைப்பு வீண். போதாததற்கு அவ்வளவு நேரமும் அந்த மரத்தின் நிழலில்தான் குனிந்து வேலை செய்திருப்பார்கள்.

7. கோடு

தீ பின்னால் சுற்றி வந்து பிடிக்க முடியாத இடத்தில் தொடங்குங்கள், ஒரு பாறையோ பாதையோ ஏற்கெனவே கருகி ஆறிய ஓரமோ. சரிவில் மேலே நின்று கீழே தீயைப் பார்த்துக்கொண்டு வெட்டத் தொடங்கக்கூடாது, தீ மேலே ஏறும்.

ஒற்றை மரத் தீக்கு ஒன்றரை அடியிலிருந்து மூன்று அடி அகலம் போதும். அகலத்தைவிட ஆழம்தான் முக்கியம்: வெறும் மண் தெரியவேண்டும். டக்ளஸ் ஃபர், லார்ச் மரங்களின் அடியில் மக்கு முழங்கை ஆழம்கூட இருக்கும், மேலே சீவிவிட்டு ‘கோடு போட்டாச்சு’ என்றால் தீ அடியில் நிதானமாகக் கடந்து போகும். வேர் கோட்டைக் கடந்தால் வேரையும் வெட்ட வேண்டும், அது திரி மாதிரி.

எரியாததைக் கோட்டுக்கு வெளியே எறியுங்கள், கருகியதை உள்ளே. அவசரத்தில் இது தலைகீழாகிவிடும், கங்கு ஒட்டிய கட்டையை நாமே காட்டுக்குள் எறிந்திருப்போம். சரிவில் கீழ்ப்பக்கக் கோட்டைக் குழிவாக வெட்டி வெளி ஓரத்தை மண் அணையாக உயர்த்துங்கள், உருண்டு வரும் கட்டையும் பைன் காயும் அதில் நிற்கும். கருவியோடு வேலை செய்பவர்களுக்கிடையே 10 அடி இடைவெளி.

8. அணைப்பது, கையால் தொட்டுப் பார்ப்பது

கோடு முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதில் தப்பில்லை, எழுந்த பிறகு பாதி வேலைக்கு மேல் இனிமேல்தான் என்று தெரிந்தால் சரி.

தண்ணீரை மேலே தெளித்தால் நீராவி வரும், திருப்தியாக இருக்கும், அடியில் ஒன்றும் ஆகியிருக்காது. கிளறு, கொஞ்சம் தண்ணீர், மறுபடி கிளறு, குளிர்ந்த மண்ணோடு குழை, கூழ் மாதிரி ஆகவேண்டும். ஐந்து காலன் பையை வைத்துக்கொண்டு ஒரு பெரிய அடிமரத்தையே அணைத்துவிடலாம், பொறுமை இருந்தால்.

புதியவர்கள் செய்யும் மிகப்பெரிய தவறு கங்குகளை மண்போட்டு மூடிவிடுவது. புகை நின்றுவிடும், கண்ணுக்கு அணைந்த மாதிரி இருக்கும். மண் போர்வை சூட்டை உள்ளேயே வைத்துக் காக்கும், அடுப்பில் தணலைச் சாம்பலால் மூடி மறுநாள் காலை ஊதிப் பற்றவைத்த பாட்டிமார்கள் இதைத்தான் செய்தார்கள். மண்ணை எறிந்து சூட்டைத் தணிக்கலாம், ஆனால் உடனே கிளறிக் கலக்கிவிட வேண்டும்.

கட்டைகளைப் புரட்டுங்கள், கருகியதைச் சுரண்டி எடுங்கள், சேர்ந்து கிடப்பவற்றைப் பிரித்துப் போடுங்கள். வேர்ப் பள்ளங்களில் கால் வைக்கும் முன் கருவியால் குத்திப் பாருங்கள், மேலே சாம்பல் இருந்தாலும் உள்ளே குழியாக எரிந்திருக்கும்.

கடைசியில் கையுறையைக் கழற்றுங்கள். புறங்கையை முதலில் தரைக்கு அருகே கொண்டு போய்ச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே விரலால் தொடுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே, ஒரு சாண் விடாமல். ‘புகை இல்லை’ என்பதும் ‘சூடு இல்லை’ என்பதும் ஒன்றல்ல. நான்கு பேர் இருந்தால் ஒருவர் பார்த்த பகுதியை இன்னொருவர் பார்க்கட்டும். அலுப்பு வந்தவன் கை சூட்டை உணராது.

9. திரும்பி வந்து பார்ப்பது

அணைந்தது என்று அன்றைக்கே அறிவிக்காதீர்கள். இரவு தங்க முடிந்தால் விடியற்காலையில் ஒருமுறை பாருங்கள், குளிரில் மெல்லிய ஆவிகூடத் தெரியும், பூச்சிகள் வெதுவெதுப்பான இடத்தில் மொய்க்கும். பிறகு ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் நடு மதியத்தில் ஒருமுறை. இரண்டு வேளையும் சுத்தமாக இருந்தால்தான் இறங்கலாம், அதன்பின் இரண்டு மூன்று நாள் கழித்து யாராவது மீண்டும் ஏற வேண்டும். காற்று எச்சரிக்கை வந்தால் அதற்கு முந்தைய நாளே ஏறுங்கள்.

ஒரு முறை எங்களுக்கு மேலிருந்து அவசரம், வேறு இடத்தில் ஆள் வேண்டும் என்று. மாலை நான்கு மணிக்கே முடிந்தது என்று இறங்கினோம். மூன்றாம் நாள் அந்த முகட்டிலேயே புகை. கோட்டுக்கு ஒன்றரை அடி வெளியே, நாங்கள் வெட்டாமல் விட்ட ஒரு லார்ச் வேர். கால் ஏக்கர் போய்விட்டிருந்தது, மீண்டும் ஏறினோம், இந்த முறை ஆறு பேர்.

இறங்கும்போது, வழி தெரியக் கட்டிய வண்ண நாடாக்களை அவிழ்த்துக்கொண்டு வாருங்கள், குப்பையையும் சாப்பாட்டு மிச்சத்தையும் கரடிக்கு விடாதீர்கள், கோட்டின் சரிவுப் பகுதியில் மழைநீர் ஓடி அரிக்காதபடி குறுக்கே சிறு வடிகால் வெட்டுங்கள். உரித்த மரமோ பழைய கல்லோ எதையாவது பார்த்திருந்தால் வள ஆலோசகரிடம் மட்டும் சொல்லுங்கள். போட்டோவை இடத்தோடு இணையத்தில் போடவேண்டாம், உங்கள் போன் இடத்தைப் படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும், அந்த வசதியைக் காலையிலேயே அணைத்துவிடுங்கள்.